கப்பலின் கீழ்த்தளம்

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் சட்ட ஞானம் அவர்கள் இட்ட பாடத் தலைப்புகளில் இருக்கிறது என்பது ஆலிம்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. ஒரு ஹதீஸ் என்ன சொல்கிறது என்பதோடு, அது எந்தப் பாடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்து ஓத வேண்டும் என்று உஸ்தாதுமார் மாணவர்களுக்குச் சொல்வது இதனாலேயே. கப்பலைப் பற்றிய ஹதீஸை இவ்வாறு இடம்பார்த்து ஓதுவோருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. நம் மிம்பர்களில் அது நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என்னும் பொருளிலேயே பெரிதும் பேசப்படுகிறது. பேசுவது சரியே, அல்லாஹ்வின் வரம்புகளைப் பேணுவோரையும் மீறுவோரையும் பற்றித்தான் அந்த ஹதீஸ் தொடங்குகிறது. ஆயினும் இமாமவர்கள் அதனை வைத்திருப்பது பங்குடைமை பற்றிய கிதாபுஷ் ஷரிகாவில், பாகம் பிரிக்கையில் சீட்டுக் குலுக்கலாமா என்று வினவும் பாடத்தில்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த உவமையின் கருத்து இது: ஒரு கூட்டத்தார் கப்பலில் இடத்திற்காகச் சீட்டுக் குலுக்கினர். சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் விழுந்தன. கீழே இருந்தோர் தண்ணீர் மொள்ள வேண்டுமாயின் மேலே இருந்தோரைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. ஆகவே, நமது பாகத்தில் நாமே ஓர் ஓட்டையிட்டுக்கொண்டால் மேலே உள்ளவர்களுக்குத் தொல்லையிராதே என்று கீழே இருந்தோர் எண்ணினர். மேலோர் அவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர்.

கீழ்த்தளத்தார் கெட்டவர்களாகச் சித்திரிக்கப்படவில்லை என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பிறர் பொருளைத் தொடுவதாக அவர்கள் சொல்லவில்லை. ‘நமது பாகம்’ என்கின்றனர். பிறருக்குத் தொல்லை கூடாது என்கின்றனர். நல்ல அயலார் பேசும் பேச்சு இது. அழிவு அந்த ‘நமது பாகம்’ என்னும் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கடலில் மிதக்கும் கப்பலின் அடிப்பலகையில் ஒருவருக்கு மட்டுமே உரிய பாகம் என்று ஒன்று உண்டா?

இவ்வினாவை இன்று கப்பலேறிப் போய்க் கேட்க வேண்டியதில்லை. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்ததையும் ஊரிலிருந்த பூர்வீக மனையை விற்றதையும் ஒன்றுகூட்டிச் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியிருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. அவர்களின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் இரண்டு சொத்துகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று, இன்ன மாடியில் இன்ன எண்ணுள்ள வீடு. மற்றொன்று, கட்டடம் நிற்கும் மனையில் இத்தனை சதுர அடி பிரிபடாத பாகம். வாங்குவோர் முதலாவதையே வாங்கியதாக எண்ணுகின்றனர். சாவியும் அதற்குத்தானே கிடைக்கிறது! ஆனால் அந்த இரண்டாவதில்தான் முழுச் சங்கதியும் இருக்கிறது.

பிரிபடாத பாகத்தை ஃபிக்ஹு நூல்கள் ‘முஷாஉ’ என்னும். அறுபது வீடுகள் உள்ள மனையில் ஒருவருடைய பாகம் வடகிழக்கு மூலையிலும் இல்லை, வாசலருகிலும் இல்லை. ஒவ்வொரு பிடி மண்ணிலும் அறுபது பேருக்கும் பங்கு. அதன் மேல் நிற்கும் தூண், உத்தரம், படிக்கட்டு, மேல்நிலைத் தொட்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் நிலையும் அதுவே. மூன்றாம் மாடிக்காரர் தம் வரவேற்பறையை அகலப்படுத்த எண்ணி இடையிலுள்ள தூணைச் செதுக்குவாராயின், அவர் கை வைப்பது நான்காம் மாடிக்காரரின் தரையில். ஐந்தாம் மாடியில் உறங்கும் குழந்தையின் தொட்டிலில்.

இவ்வகை வாழ்க்கை புதியதென்று நினைப்பதற்கில்லை. 11ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், அங்கே ஏழு அடுக்குகளும் அதற்கு மேலும் கொண்ட வீடுகளைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். மேல்தளம் ஒருவருக்கும் கீழ்த்தளம் மற்றொருவருக்கும் சொந்தமாயிருந்தால் யாருக்கு என்ன ஹக்கு என்பதை நம் ஃபகீஹுகள் நுணுகி நுணுகி ஆராய்ந்ததற்கு, அத்தகைய வீடுகளில் மனிதர் வாழ்ந்து வழக்காடியதே காரணம். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜெவ்தத் பாஷாவின் தலைமையில் தொகுத்த ‘மஜல்லா’ என்னும் ஹனஃபிச் சட்டத் தொகுப்பின் 1192ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது போலிருக்கும். ஒவ்வொருவரும் தம் உடைமையைத் தாம் விரும்பியவாறு ஆளலாம். ஆனால் அதில் பிறருடைய ஹக்கும் ஒட்டியிருந்தால் அந்தச் சுதந்திரம் அங்கே நின்றுவிடும். மேல்தளத்துக்காரருக்குக் கீழ்த்தளத்தின் மீது தாங்கப்படும் உரிமை உண்டு. கீழ்த்தளத்துக்காரருக்கு மேல்தளத்திடம் கூரையாக மூடப்படும் உரிமை உண்டு. ஒருவர் சம்மதமின்றி மற்றவர் அவருக்குக் கேடு விளைவிக்கும் எதையும் செய்யலாகாது. தம் பாகத்தைத் தாமே இடித்துக்கொள்ளவும் கூடாது.

தம்முடையதைத் தாம் இடிக்கவும் கூடாது என்னும் இச்சொல்லை எண்ணுந்தோறும் உடைமையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்துக் குலுங்குகிறது. உடைமை என்றால் பிறர் நுழையாதபடி வேலியிடும் உரிமை என்றே நம்மில் பலர் கருதுகின்றனர். தனிமனையில் தனிவீடு கட்டி வாழ்ந்தோருக்கு அது பெரும்பாலும் பொருந்தியது. பெரும்பாலும் என்கிறோம், ஏனெனில் காயல்பட்டினத்தில் பெண்மக்கள் போய்வரும் முடுக்குகளைப் பார்த்தவர்கள், தனிவீட்டிலும் பிறர் நடைக்கு வழிவிட்டே நம் முன்னோர் சுவர் எழுப்பினர் என்பதை அறிவர். அடுக்குமாடியில் அந்த வேலிக் கருத்து அறவே பொருந்தாது. அங்கே நம் உடைமையின் உறுதி நம் பூட்டில் இல்லை. மேலேயும் கீழேயும் இருப்போர் தத்தம் கையை அடக்கிக்கொள்வதில் இருக்கிறது.

கையை அடக்குவது மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. ஓட்டை விழுவதற்குக் கோடரி வேண்டும் என்பதில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஆண்டுகளைக் கடத்தினாலும் தண்ணீர் தானே வழி தேடிக்கொள்ளும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மயாமிக் கடற்கரையை அடுத்த சர்ஃப்சைடு என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது அதுதான்.

சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் என்பது 1981இல் எழுப்பப்பட்ட 12 மாடிக் கட்டடம்; 136 வீடுகள். வீட்டுக்காரர்களே சேர்ந்து தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுதான் அதனை நடத்தியது. 2018இல் அவர்கள் அமர்த்திய பொறியாளர், நீச்சல்குளத்தை அடுத்த தளத்தின் அடியில் நீர் புகாத பூச்சுப் பழுதடைந்துவிட்டதென்றும், நீர் வழிந்தோடச் சரிவின்றித் தேங்கிக் கீழுள்ள கான்கிரீட்டை அரிக்கிறதென்றும், பெருஞ்செலவில் செப்பனிட வேண்டுமென்றும் அறிக்கை தந்தார். செலவை யார் தலையில் எவ்வளவு கட்டுவது, உண்மையிலேயே இவ்வளவு தேவையா, வேறு விலைப்புள்ளி வாங்கலாமா என்று வாதம் வளர்ந்தது. 2019இல் குழுவின் ஏழு உறுப்பினருள் ஐவர் சில வாரங்களுக்குள் விலகினர். 2021 ஏப்ரலில், பழுது முன்னிலும் மிகுந்துவிட்டது என்று குழுத்தலைவர் அனைவருக்கும் மடல் எழுதினார். ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் திரட்ட முடிவாயிற்று. வீட்டின் அளவைப் பொறுத்து ஒவ்வொருவரும் 80,000 டாலர் முதல் 3 லட்சம் டாலருக்கு மேலும் தர வேண்டும். தவணை ஜூலை 1ஆம் தேதி தொடங்கவிருந்தது. ஜூன் 24ஆம் தேதி பின்னிரவில், மக்கள் உறங்கிக்கொண்டிருக்கையில், கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்தது. மாண்டோர் 98 பேர்.

பழியனைத்தையும் அவ்வீட்டுக்காரர்கள் மீது சுமத்துவது நீதியாகாது. ஆராய்ந்த நிபுணர்கள், குளத்தை அடுத்த தளம் வடிவமைக்கப்பட்ட நாளிலேயே அன்றைய விதிமுறைகள் கோரிய வலிமைக்குக் குறைந்திருந்ததாகக் கண்டனர். அதனை அங்கே குடியிருந்தோர் எவ்வாறு அறிவர்? ஆனால் 2018க்கும் 2021க்கும் இடைப்பட்ட அந்த மூன்றாண்டுகள் நம்மைக் கேட்காமல் விடா. அங்கே எவரும் கோடரி எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பணத்தைக் காத்துக்கொண்டனர்; அவ்வளவே. மாண்டவர்களுள் வாக்குரிமையே இல்லாத வாடகைக் குடியினரும், விருந்தினராக வந்து தங்கியோரும், குழந்தைகளும் இருந்தனர்.

இனி, தர மறுப்பவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பதற்கு வருவோம். இவ்விஷயத்தில் நம் மத்ஹபுக்குள்ளேயே இரு கருத்துகள் உண்டு. இருவருக்குப் பொதுவான சுவர் இடிந்துவிட்டால், ஒருவர் மற்றவரைச் செலவில் பங்கேற்குமாறு கட்டாயப்படுத்த முடியாது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் எகிப்தில் வாழ்ந்த காலத்துப் புதிய சொல். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலும் இதுவே முதன்மை பெறுகிறது. கீழ்த்தளம் இடிந்தால் அதனைக் கட்டித் தருமாறு மேல்தளத்துக்காரர் கீழ்த்தளத்துக்காரரைக் கட்டாயப்படுத்த இயலாது என்பதும் இதைச் சேர்ந்ததே. அவர்கள் இராக்கில் இருந்த காலத்துப் பழைய சொல்லோ கட்டாயப்படுத்தலாம் என்கிறது. பொதுச் சொத்துப் பாழாகாமல் காப்பதே அதன் காரணம்.

புதிய சொல்லை இரக்கமற்றதென்று எவரும் எண்ணிவிடலாகாது. மனமொப்பாமல் ஒருவர் பணத்தை எடுப்பது ஹராம் என்னும் பெரும் விதி அதன் பின்னால் நிற்கிறது. தனியே தமக்கிருக்கும் வீட்டைப் பழுதுபாருங்கள் என்று எவரையும் நாம் வற்புறுத்த முடியாதபோது, கூட்டாக இருக்கும் ஒன்றுக்காக மட்டும் எப்படி வற்புறுத்துவது? செலவிட விரும்புபவர் தம் சொந்தப் பொருளால் கட்டிக்கொள்ளட்டும். அவரைத் தடுக்க முடியாது. கட்டியதும் அவருக்கே உரியது. இவ்வளவு தெளிவாக வரையறுத்துவிட்டே புதிய சொல் நிற்கிறது.

ஆயினும் இச்சொல் பேசப்படுவது இரண்டு பேருக்கு இடைப்பட்ட ஒரு சுவரைப் பற்றி என்பதை மறக்கலாகாது. சுவர் இல்லையென்றால் மறைப்பு இல்லை, வீடு நிற்கும். அறுபது வீடுகளைத் தாங்கும் தூண் அப்படிப்பட்டதன்று. அதில் ஒருவர் தம் சொந்தப் பொருளால் தமக்கு வேண்டிய அளவு கட்டிக்கொள்ளவும் வழியில்லை. எனவே பழைய சொல்லின் காரணமே இங்கு வலுக்கிறது என்பது நம் தாழ்மையான கருத்து. மேலும், முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்னும் கருத்தில் வரும் ஹதீஸும் இங்கே துணை நிற்கிறது. வீடு வாங்கிக் கையொப்பமிட்டவர், பராமரிப்புச் செலவில் பங்கு தருவேன் என்னும் நிபந்தனையை ஏற்றே ஒப்பமிடுகிறார். பின்னர் அவரிடம் கேட்பது கட்டாயமன்று. அவர் தந்த வாக்கை நினைவூட்டல்தான். (பத்திரத்தைப் படித்துப் பார்த்து ஒப்பமிடுவோர் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். நிகாஹ் விருந்துக்கான சாமான் பட்டியலை நம்மவர்கள் இதைவிடக் கவனமாகப் படிப்பர்.)

தமிழ்நாட்டரசின் சட்டமும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்திற்குப் பதிலாக 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாய்க் கட்ட, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் இசைந்தால் போதும் என்கிறது அது. ஒருவர் பிடிவாதத்தால் எல்லோரும் இடியும் கூரையின் கீழ் காத்திருக்கும் நிலை இதனால் நீங்கும். ஆனால் எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினர் யாவர் என்று கேட்பது மார்க்க அறிவுடையோரின் கடமை. அவர்கள் அனைவரும் பிடிவாதக்காரர்கள்தாமா?

இங்கேதான் கப்பல் ஹதீஸின் மற்றோர் அறிவிப்பு நம் கண்ணைத் திறக்கிறது. அதுவும் புகாரி ஷரீஃபிலேயே, சாட்சியம் பற்றிய நூலில், சீட்டுக் குலுக்கல் பாடத்திலேயே வருகிறது. அதன்படி, கீழ்த்தளத்தார் தண்ணீருடன் கடந்து போவதை மேல்தளத்தார் தொல்லையாகக் கருதினர். அதன் பிறகே ஒருவன் கோடரியைக் கையிலெடுத்தான். ஏன் என்று கேட்டபோது அவன் சொன்ன விடையின் கருத்து: என்னால் உங்களுக்குத் தொல்லை, தண்ணீரில்லாமலோ என்னால் முடியாது.

அவன் தேவை பொய்யன்று. அவன் கீழே இருப்பது அவன் குற்றமுமன்று. சீட்டு அப்படி விழுந்தது. வாகனம் நிறுத்தும் இடத்திற்கு நம் சங்கங்கள் இன்று குலுக்கல் நடத்துவது போலத்தான் அன்றும் நடந்தது. மேல்தளத்தார் வழிவிட்டு, முகம் சுளிக்காமல் இருந்திருந்தால் கோடரிக்கு வேலையே வந்திராது. கையைப் பிடிக்கும் அதிகாரம் மேலோருக்கு உண்டு என்று எடுத்துக்காட்டும் அதே ஹதீஸ், அந்தக் கை கோடரிக்குப் போனதில் மேலோருக்கும் பங்குண்டு என்பதையும் சொல்லாமல் சொல்கிறது. நம் சங்கச் செயலாளர்கள் முற்பாதியை மனப்பாடமாக அறிவர்.

நாமறிந்த ஒரு குடியிருப்பில் லிஃப்ட் அருகே ஒரு பலகை தொங்குகிறது. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தாதோரின் பெயர்கள் வீட்டு எண்ணுடன் அதில் எழுதப்படும். ஒரு முறை அதில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒருவர் மூன்று வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டு, வாடகையை மாதம் தவறாமல் பெற்றுக்கொண்டு, கணக்கில் ஐயம் என்று சொல்லியே இரண்டாண்டாகக் கட்டணத்தை நிறுத்தியிருப்பவர். மற்றவர் கணவரை இழந்து, தரைத்தளத்தில் ஒரு மகளுடன் வாழும் அம்மையார். வீடு ஒன்றே அவருடைய சொத்து. கையில் ரொக்கம் வருவதோ அரிது. தாம் ஏறாத லிஃப்டுக்கும் சேர்த்து ஏன் தர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் அவர் கேட்டபோது சிலர் சிரித்தனராம்.

அக்கேள்விக்கு விடை உண்டு, சிரிப்பு விடையாகாது. மேலே உள்ளோர் தரைத்தளத்து வாசலைப் பெருக்கும் கூலியிலும் பங்கு தருகின்றனர், மழைவெள்ளம் முதலில் புகும் தரைத்தளத்துக்காக நீரிறைக்கும் மோட்டாருக்கும் தருகின்றனர் என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை தரைத்தளக் குடும்பங்களுக்கு மேல்மாடிகள் அடைக்கலமாயின! அல்லது, அவர் கேள்வி நியாயமென்று கண்டு லிஃப்ட் செலவை மட்டும் மாடிக்குத் தக்கவாறு பிரித்திருக்கலாம். இரண்டும் மஷ்வராவுக்குரிய வழிகள். கலந்தாலோசித்தலைக் குர்ஆன் ஷரீஃப் சொல்லுமிடத்தில் அதற்கு முன் தொழுகையும் பின் செலவிடலும் கூறப்படுகின்றன (42:38). ஆலோசனையில் இடமில்லாதவரிடம் செலவுக்கு மட்டும் கை நீட்டுவது எப்படித் தகும்?

அந்தப் பலகை செய்யும் பெரும் பிழை, இருவரையும் ஒரே வரிசையில் எழுதியது. நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு அல்லாஹ் பணிக்கிறான் (2:280). வசதியிருந்தும் இழுத்தடிப்பதை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அநீதி என்றார்கள். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. இருவேறு மனிதரைப் பற்றியவை. முன்னே கூறிய சுவர் வழக்கிலும் பிற்காலத்து ஷாஃபிஈ அறிஞர் சிலர் இவ்வழியையே தேர்ந்தனர். மறுப்பவரின் நிலையைக் காஜியார் உற்றுநோக்க வேண்டும். மறுப்புக்குத் தக்க காரணம் தோன்றினால், அல்லது அதில் ஐயமிருந்தாலும், கட்டாயப்படுத்தலாகாது. வெறும் முரண்டு என்று தெளிந்தால் கட்டாயப்படுத்தலாம். பழைய சொல்லையும் புதிய சொல்லையும் இணைக்கும் இந்நடுவழி, எந்தப் பொதுக்குழுவின் தீர்மானத்தையும்விட நுட்பமானது. மூன்று வீட்டுக்காரரிடம் வழக்குத் தொடுத்தும் வாங்கலாம். அம்மையாரின் நிலுவையைக் கணக்கில் எழுதி வைத்து, வீடு கைமாறும் காலத்தில் பெற்றுக்கொள்ளலாம். விற்கையில் சங்கத்தின் நிலுவையில்லாச் சான்றைக் கேட்பது இன்று வழக்கம்தானே. அதுவரை அவர் பங்கை மற்றவர்கள் முன்பணமாகத் தாங்குவதென்றால் வீட்டுக்கு எவ்வளவு வந்துவிடும்?

நிலுவைக்காரர் வீட்டுக் குழாயை அடைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு நாட்கணக்கில் காத்திருந்த ஊரில் இதைச் செய்ய எப்படித் துணிந்தனரோ! தண்ணீர் மனிதர் அனைவருக்கும் பொதுவென்று அறிவிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்தோர், சங்கத்தில் பெரும்பான்மையாயினும் சிறுபான்மையாயினும், இதற்குக் கை உயர்த்தலாகாது. கீழ்த்தளத்தானைக் கோடரி எடுக்கச் செய்ததும் தண்ணீர்தான்.

பொறுப்பாளர்களைப் பற்றியும் ஒரு சொல். மாலை நேரத்தை ஈந்து, வசையும் கேட்டு, கூலியின்றிக் கணக்கெழுதும் செயலாளரையும் பொருளாளரையும் ஐயக்கண்ணோடு பார்ப்பது நம்மவரிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. கூட்டத்திற்கு வாராதவரே கூட்டத்தின் முடிவை மிகுதியும் பழிப்பர். பொதுப்பணம் அமானத்; அதன் கணக்கு மாதந்தோறும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால், ‘கணக்கில் ஐயம்’ என்று சொல்லி நிறுத்துவோருக்கு அந்தச் சாக்கும் இல்லாமற்போகும். ஆனால் கணக்குப் புத்தகம் மட்டும் திறந்திருந்து பொறியாளரின் அறிக்கை பூட்டியிருந்தால் பயனென்ன? வீட்டின் விலை குறைந்துவிடும் என்று அஞ்சி விரிசலை மறைக்கும் சங்கங்களும் உண்டு. குறையை மறைத்து விற்பதைப் பற்றி ஹதீஸ் நூல்களில் வந்திருக்கும் எச்சரிக்கை தானியக் குவியலுக்கு மட்டும் உரியதன்று.

இறுதியாக, பங்கேயில்லாத வாடகைக் குடியினர். ஷரிகத்தின் சட்டப்படி அவர்களுக்கு வாக்கு இல்லை; அதை நாம் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அண்டைவீட்டார் என்னும் ஹக்கு அவர்களுக்கு முழுமையாக உண்டு. அதற்குக் கிரயப் பத்திரம் தேவையில்லை. தூணில் விரிசல் கண்டதென்றால் முதலில் அறிய வேண்டியவர்களில் அவர்களும் அடங்குவர். வேறிடம் பார்த்துப் போகும் உரிமையாவது அவர்களுக்கு இருக்கிறதல்லவா? பொறியாளரின் அறிக்கையைத் தமிழில் சுருக்கி எழுதி, லிஃப்ட் அருகே தொங்கும் அந்தப் பலகையில் பெயர்ப்பட்டியலை அழித்துவிட்டு ஒட்டலாம்.